ஆளிச் சிப்பிக் குஞ்சின் முதல் இரண்டு நாள்: வாசகர் கேள்விகள்

கேள்வி: கடல் அமிலமாகிறது என்று படித்தேன் டீச்சர். அப்படியானால் சிப்பி எல்லாம் எலுமிச்சைச் சாற்றில் போட்ட முட்டை ஓடு மாதிரி கரைந்துவிடுமா?
- தூத்துக்குடி வாசகர்

அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள். கடல் இன்றும் காரத்தன்மை உள்ளதுதான். நீர் அமிலமா காரமா என்று காட்டும் அளவுக்கு பிஎச் என்று பெயர். தொழிற்சாலைகள் வருவதற்கு முன் மேற்பரப்பு நீரின் பிஎச் சுமார் 8.2, இப்போது 8.1-க்குப் பக்கம். 7-க்குக் கீழே போனால்தான் அது அமிலம். வெந்நீர் ஆறுகிறது என்றால் ஐஸ் ஆகிவிட்டது என்று அர்த்தமில்லையே, அதுபோல அமிலமாதல் என்ற பெயரும் போகிற திசையைத்தான் சொல்கிறது.

ஆனால் அந்த 0.1-ஐ அற்பமாக எண்ண வேண்டாம். பிஎச் கணக்கு பத்துப் பத்து மடங்காக ஏறி இறங்குவது. 0.1 குறைந்தாலே தண்ணீரில் அமிலத்தன்மை தரும் ஹைட்ரஜன் அயனிகள் கால் பங்குக்கு மேல் கூடியிருக்கும். நாம் எரித்துக் காற்றில் விடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடல் குடித்துக்கொள்கிறது. அதன் விளைவுதான் இது.

சிப்பிக்கு இதில் என்ன சங்கடம் என்பதை என் ஊர்க் கதையாகவே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கடலூர்ப் பக்கம். சின்ன வயதில் எங்கள் தெருக்கோடியில் கிளிஞ்சல் சூளை இருந்தது. கிளிஞ்சலையும் கரியையும் அடுக்கி எரிப்பார்கள். வெந்த கிளிஞ்சலில் தண்ணீர் தெளித்தால் உஸ்ஸென்று சீறி, பூத்து, மாவாக உதிரும். அப்பாவின் வெற்றிலைப் பெட்டிக்கு அந்தச் சுண்ணாம்புதான். சூளையின் நெருப்பு ஓட்டிலிருந்து கரியமில வாயுவைத் துரத்துகிறது, அவ்வளவுதான் அங்கே நடப்பது. பின்னாளில் 31 வருடம் வேதியியல் நடத்தியபோது அதே கதையைப் பின்பக்கமாக ஓட்டிக் காட்டினேன். தெளிந்த சுண்ணாம்பு நீரில் குழாய் வைத்து ஊதினால், மூச்சிலுள்ள கரியமில வாயு பட்டு நீர் பால்போல் ஆகும். அந்த வெண்மையும் சிப்பி ஓடும் ஒரே பொருள், கால்சியம் கார்பனேட். பாடப்புத்தகத்தில் பெரும்பாலும் இதோடு சோதனை முடிந்துவிடும். ஒருமுறை ஒரு பையன் நிறுத்தாமல் ஊதிக்கொண்டே இருந்தான். கன்னம் சிவந்து கண்ணில் நீர் வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் பால் மெல்ல வெளிறி, மறுபடி தெளிந்துவிட்டது. வாயு அளவாகச் சேர்ந்தபோது ஓட்டுப்பொருள் உருவானது, அதிகமாகச் சேர்ந்தபோது கரைந்துபோனது. தண்ணீரில் இருந்த கார்பனேட்டை மிகுந்த வாயு பைகார்பனேட்டாக மாற்றிவிடுகிறது. சிப்பிக்குக் கட்டுமானப் பொருள் கார்பனேட்தான். கடலில் அது குறையக் குறைய, ஓடு கட்ட அதிக உழைப்பு பிடிக்கும்.

கேள்வி: அமெரிக்காவில் ஒரு பண்ணையில் சிப்பிக் குஞ்சுகள் கூட்டமாகச் செத்தனவாமே? பெரிய சிப்பிகள் நன்றாகத்தானே இருந்தன?
- நாகர்கோவில் வாசகி

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். இடம், அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஓரிகன் மாநிலத்து நெட்டார்ட்ஸ் விரிகுடா. அங்கே விஸ்கி கிரீக் என்ற குஞ்சு பொரிப்பகம் இருக்கிறது. நம்மூரில் நாற்றங்காலில் நாற்று வாங்குவதுபோல, அந்தக் கரையில் ஆளி என்ற உணவுச் சிப்பியை வளர்ப்பவர்கள் பலர் குஞ்சுக்கு இதையே நம்பியிருந்தார்கள். கைக்குள் அடங்கும் ஓர் ஈர உருண்டையில் லட்சக்கணக்கான குஞ்சுகள் பொட்டலமாகிப் போகும். 2007-இலும் 2008-இலும் தொட்டி தொட்டியாகக் குஞ்சுகள் செத்து அடியில் படிந்தன.

முதலில் நோய்க் கிருமி என்று சந்தேகப்பட்டார்கள். விப்ரியோ வகைப் பாக்டீரியா கிடைக்கவும் செய்தது. அதை ஒழிக்க நீரைச் சுத்திகரித்தார்கள். அப்படியும் சாவு நிற்கவில்லை. வடக்கிலிருந்து காற்று பலமாக அடித்த நாட்களுக்குப் பின்னால்தான் குஞ்சுகள் சாகின்றன என்பது பிறகுதான் பிடிபட்டது. அங்கே கோடையில் வடகாற்று மேல்நீரைக் கரையிலிருந்து வெளியே தள்ளும், அந்த இடத்தை நிரப்ப ஆழத்துக் குளிர்ந்த நீர் எழும்பி வரும். ஆழத்தில் செத்து விழுந்தவை மக்குவதால் அந்த நீரில் கரியமில வாயு இயல்பாகவே அதிகம். அதன்மேல் நம் பங்கும் சேர்ந்திருக்கிறது.

பொரிப்பகத்தில் வேலை பார்த்த ஆலன் பார்ட்டனும், ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பர்க் ஹேல்ஸும் மற்றவர்களும் நீரின் வேதியியலையும் குஞ்சுகளின் கதியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, 2012-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். கார்பனேட் குறைந்த நீரில் பொரித்தவை தேறவில்லை என்பது அதில் தெளிவானது.

பெரிய ஆளிகள் ஏன் தப்பின என்று கேட்கிறீர்கள். கருவுற்ற முட்டை இரண்டு நாளுக்குள் தன் முதல் ஓட்டைக் கட்டியாக வேண்டும். ஆங்கில எழுத்து 'டி' போலிருப்பதால் அந்தப் பருவத்தை டி லார்வா என்பார்கள். அதுவரை அதற்குத் தீனி எடுக்கத் தெரியாது. தாய் முட்டைக்குள் கட்டிக்கொடுத்த சோற்று மூட்டைதான் எல்லாம். ஓட்டுக்குக் கூடுதல் சக்தி செலவானால் மூட்டை சீக்கிரம் காலி, நீந்தவும் தீனி தேடவும் தெம்பு இருக்காது. போதாக்குறைக்கு, அந்த முதல் ஓடு அரகோனைட் என்ற எளிதில் கரையும் வகை. வளர்ந்த ஆளியின் ஓடு பெரும்பகுதி கால்சைட், அது அவ்வளவு எளிதில் கரையாது. செத்தவற்றில் பெரும்பாலானவற்றின் ஓடு கரையவில்லை, கட்டி முடிக்கவே சக்தி இல்லாமல் போனது. இதை முதன்முதலில் படித்த நாளில் பேறுகால வார்டில் எடை குறைந்து பிறந்த என் பேத்தியை நினைத்துக்கொண்டேன்.

ஓரிகன் கரையில் எழும்பும் ஆழ்நீர் கடைசியாகக் காற்றைத் தொட்டுச் சுமார் 30 முதல் 50 ஆண்டு ஆகியிருக்கும். அதாவது, அதில் கரைந்திருப்பது அன்றைய காற்றின் வாயு. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது காற்றில் பத்து லட்சத்தில் 315 பங்கு கரியமில வாயு, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. இன்று மேற்பரப்பில் கரைவது அந்த ஆழத்துக்குப் போய்த் திரும்பிவர இன்னும் பல ஆண்டுகள் ஆகும்.

கேள்வி: அப்படியானால் தண்ணீரில் சோடா போட்டால் தீர்ந்ததல்லவா?
- ஒரு மருந்துக்கடைக்காரர், மதுரை

தொட்டிக்குத் தீர்ந்தது. பொரிப்பகத்தார் அதைத்தான் செய்தார்கள். ஆப்பத்துக்குப் போடும் சோடா இல்லை, சலவைச் சோடா, அதாவது சோடியம் கார்பனேட். உள்ளே வரும் நீரை அளந்து, தேவைக்கேற்பச் சேர்த்தார்கள். நீர் இறைக்கும் நேரத்தையும் மாற்றினார்கள். விரிகுடாவின் கடற்புல் வெயிலில் கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் பிற்பகல் நீர் நல்லது, விடியற்காலை நீர் மோசம். உற்பத்தி பெருமளவு மீண்டது. ஹேல்ஸ் வடிவமைத்த அளவுக் கருவிக்குப் பண்ணைக்காரர்கள் அவர் பெயரான பர்க்கைச் சேர்த்துச் செல்லமாக பர்க்கொலேட்டர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆளி வளர்க்கும் வேறொரு குடும்பம் தன் பொரிப்பகத்தையே ஹவாய்த் தீவில் அமைத்துக்கொண்டது. ஆனால் கடலில் தானாகப் பொரிக்கும் குஞ்சுக்கு யார் சோடா கரைத்து ஊற்றுவது?

கேள்வி: எங்கள் பக்கம் மட்டிச் சிப்பி குறைந்துவிட்டது. இதுதான் காரணமா?
- பழவேற்காடு வாசகி

உடனே இதன் தலையில் போட்டுவிடாதீர்கள் அம்மா. ஏரியிலும் கழிமுகத்திலும் மட்டி குறைய நாலு காரணம் உண்டு. முகத்துவாரம் மணல் மூடினாலும், ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பு திடீரென்று இறங்கினாலும், சேறு படிந்தாலும், சாக்கடை கலந்தாலும், அளவுக்கு மீறி அள்ளினாலும் மட்டி போகும். மழைநீர் கார்பனேட்டையும் நீர்த்துவிடும் என்பது உண்மைதான். எது காரணம் என்று சொல்ல வெறும் பிஎச் போதாது. உப்பு, வெப்பம், அமிலத்தைத் தாங்கும் காரத்தன்மை, புதிதாக வந்து தங்கிய குஞ்சுகளின் கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வருடக்கணக்கில் எழுதி வைக்க வேண்டும். உங்கள் வீட்டு ஆண்களோ பெண்களோ மட்டி எடுக்கப் போனால், தேதியும் எத்தனை கூடை என்பதும் ஒரு நோட்டில் ஏறட்டும். ஆராய்ச்சி செய்ய வருகிற பிள்ளைகளுக்கு அந்த நோட்டு பெரிய உதவி.

கேள்வி: அப்படிப்பட்ட சிப்பியைச் சாப்பிடலாமா?
- சென்னை வாசகர்

பிஎச் குறைந்ததால் கறி விஷமாகிவிடாது. சாக்கடை கலக்கும் இடத்தில் எடுத்ததா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: சுண்ணாம்பு நீர்ச் சோதனையை அறிவியல் கண்காட்சியில் வைக்க ஆசை. எப்படி?
- எட்டாம் வகுப்பு மாணவி, திருச்சி

ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கலக்கி ராத்திரி முழுக்கத் தெளிய விடு கண்ணு. மேல்நீரை மட்டும் இறுத்து, அதே அளவு தண்ணீர் சேர்த்துக்கொள். இல்லாவிட்டால் தெளிவதற்குள் வாய் வலித்துவிடும். கால் டம்ளர் எடுத்து உறிஞ்சுகுழாயால் ஊது. பாலாகும், விடாமல் ஊதினால் தெளியத் தொடங்கும். தெளிந்ததை ஒரு பாத்திரத்தில் கொதிக்க வைத்துக் காட்டு, வாயு வெளியேறி மறுபடி வெள்ளை படியும். உங்கள் வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருக்கும் வெள்ளையும் இப்படி வந்ததுதான். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள். ஊதும்போது மறந்தும் உறிஞ்சிவிடாதே, சுண்ணாம்பு நீர் வாயைப் புண்ணாக்கும்.