குர்பானிக் கறி இழுக்கிறதா? பிரியாணியை மறுநாள் வையுங்கள்

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் கூட்டுக் குடும்பமாக இருக்கிறோம். பக்ரீத் அன்று குர்பானி கொடுத்த கையோடு மதியத்துக்குப் பிரியாணி செய்கிறோம். போச்சம்பள்ளிச் சந்தையில் பார்த்துப் பார்த்து ஆடு வாங்கியும் கறி ரப்பர் போல இழுக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: ஆட்டிலும் குறையில்லை சகோதரி, உங்கள் கைப்பக்குவத்திலும் குறையில்லை. அவசரம்தான் காரணம். ஆட்டை அறுத்த சில மணி நேரத்தில் தசையிலுள்ள ஆற்றல் தீர்ந்து, நார்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும். தசையிலேயே இருக்கும் நொதிகள் அந்தப் பிடியைத் தளர்த்த ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். காலையில் அறுத்து மதியம் அடுப்பேற்றும் கறி அந்த விறைப்பில் அகப்பட்டுக்கொள்கிறது.

ஆகவே பிரியாணியை இரண்டாம் நாளுக்கு மாற்றுங்கள். பெரியவர்கள் தயங்கினால், ஹனஃபி என்ற இஸ்லாமியச் சட்டப்பிரிவின் வழியில் குர்பானிக்கே துல்ஹஜ் மாதம் 10, 11, 12 என மூன்று நாள் உண்டு என்று சொல்லுங்கள். மறுநாளும் பெருநாள்தான்.

முதல் நாளுக்கு ஈரல் இருக்கிறதே! தொழுகை முடியும்வரை எதுவும் உண்ணாமல் இருந்து, குர்பானிக் கறியில் முதல் வாயாக ஈரலைச் சாப்பிடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் இது. ஈரலில் இறுகும் தசைநார் இல்லை, உடனே சமைக்கலாம். சிறு துண்டுகளாக்கி, இஞ்சி பூண்டு விழுது வதங்கியதும் போட்டு, மிளகுத்தூள் தூவிக் கிளறுங்கள். துண்டுக்குள் சிவப்பு மறைந்து, கசியும் நீர் தெளிந்ததும் உப்பிட்டு இறக்கிவிடுங்கள். அதற்குமேல் அடுப்பில் விட்டால் கட்டையாகிவிடும். மதியத்துக்கு எலும்புக் கறியைக் குக்கரில் நன்றாக வேகவைத்துக் கடலைப்பருப்பு, கத்தரிக்காயோடு தால்சா வைத்து, நெய்ச்சோறு வடித்துவிட்டால் விருந்துக்குக் குறைவிருக்காது.

பிரியாணிக் கறியை என்ன செய்வது? சில ஆண்டுகளாகப் பக்ரீத் மே, ஜூன் வெயிலில் வருகிறது. அதனால் வெட்டிய ஒரு மணி நேரத்துக்குள் கறி ஃபிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். பிளாஸ்டிக் பையில் அமுக்கிக் கட்டினால் நடுவில் சூடு தங்கிக் கெட்டுவிடும். அகலமான தட்டுகளில் பரப்பி, மேலே லேசாக மூடி, கீழ்த்தட்டில் வையுங்கள். நேரே ஃபிரீசரில் வைக்காதீர்கள். விறைப்பு வந்து போகுமுன் உறைந்த கறி, உருகும்போது மேலும் இறுகும். ஒரு நாள் கழித்து, மிஞ்சியதை மட்டும் உறையவையுங்கள்.

மறுநாள் சீரக சம்பாவில், பக்கத்து ஆம்பூர் முறைப்படி காய்ந்த மிளகாய் விழுதும் தயிரும் சேர்த்துச் செய்து பாருங்கள். கறி முக்கால் பதம் வெந்த பிறகே அரைவேக்காட்டு அரிசியைச் சேர்த்துத் தம் போடுங்கள். முதல் நாளே பிரியாணி வேண்டுமென்றால், கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி பப்பாளிக்காய் விழுது தடவி ஒரு மணி நேரம் ஊறவைக்கலாம். ஓரளவு உதவும், அவ்வளவுதான்.

உறவினர் பங்கையும் ஏழைகள் பங்கையும் மட்டும் மறுநாளுக்கு வைக்காதீர்கள். ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகள் உண்டு. வெட்டிய உடனே, தொடைக்கறியும் எலும்பும் கலந்து கொடுத்தனுப்புங்கள். அன்றே குழம்பாகக் குக்கரில் வைக்கும்படி ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.