பந்தியில் ‘டிவவர்’ செய்யலாமா?

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகள், உறவினர் திருமணம் ஒன்றைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரையில், முதல் பந்தியில் அமர்ந்த பெரியவர்கள் விருந்தை ‘டிவவர்’ செய்தார்கள் என்று எழுதியிருந்தாள். ஆசிரியை அதை அடித்துவிட்டு, ‘ஈட்’ என்ற வினையை எழுதச் சொல்லியிருக்கிறார். திருத்தம் சரிதானா? இச்சொல் எங்கிருந்து வந்தது?
– வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: திருத்தம் சரிதான், காரணத்தையும் சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். ‘ஈட்’ என்பது உண்டதை மட்டும் சொல்லும். ‘டிவவர்’ என்றால், அடங்காத பசியோடு, வேகவேகமாக, இலையில் எதுவும் மிஞ்சாதபடி உள்ளே தள்ளுவது. விளையாடிவிட்டு வந்த பிள்ளை தோசையை அப்படித் தின்றான் என்று தாய் சொன்னால் அதில் செல்லம் இருக்கிறது. சம்பந்தி வீட்டுப் பெரியவர்களைப் பற்றிச் சொன்னால் அது ஏச்சாகிவிடும். இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளப்படும் ‘கார்ஜ்’ என்ற வினை, தொண்டையைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. அது அளவு மீறித் தின்பதைச் சொல்கிறது. ஒற்றை இட்லியை ‘டிவவர்’ செய்யலாம், ‘கார்ஜ்’ செய்ய முடியாது.

சொல்லின் பூர்வீகம் லத்தீன். அம்மொழியில் ‘வொராரே’ என்றால் விழுங்குதல். அதன் முன்னே கீழ்நோக்கி என்னும் பொருள் தரும் ‘டே’ சேர்ந்து ‘டேவொராரே’ ஆகி, பழைய பிரெஞ்சு வழியாக 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்கு வந்தது. உங்கள் மகள் உயிரியல் பாடத்தில் படிக்கும் ‘கார்னிவோர்’, ‘ஹெர்பிவோர்’ ஆகியவற்றின் வாலில் ஒட்டியிருப்பதும் இதே ‘வொராரே’தான். அங்கே பேராசை போய் வெறும் உணவுப் பழக்கம் மட்டும் நின்றுவிட்டது. உள்ளூரில் விளைந்ததையே உண்பவரைக் குறிக்கும் ‘லோக்கவோர்’ என்ற புதுச் சொல்லை, நியூ ஆக்ஸ்ஃபோர்டு அமெரிக்கன் டிக்‌ஷனரி 2007-இல் ஆண்டின் சொல்லாகவே தேர்ந்தெடுத்தது.

இன்னும் பின்னால் போனால் நமக்கு நன்கு பழக்கமான ஓர் உறவு தென்படும். ‘வொராரே’ பிறந்த இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்துதான் சமஸ்கிருதத்தில் விழுங்குவதைக் குறிக்கும் ‘கில’ என்பதும் வந்தது. ‘திமி’ என்பது ஒரு பெருமீன். அதையே விழுங்கக்கூடியது திமிங்கிலம். அதோடு நிறுத்தாமல், திமிங்கிலத்தையும் விழுங்குகிற ‘திமிங்கிலகிலம்’ ஒன்றையும் முன்னோர் கற்பனை செய்து வைத்தார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் திமிங்கில எலும்புக்கூட்டின் முன்னால் மகளை நிறுத்தி இதைச் சொன்னால், எந்த அகராதியும் தேவைப்படாது.

தமிழில் இதற்கு நேரான ஒரே சொல்லைத் தேடுவது வீண் வேலை என்பது என் கருத்து. 1611-இல் வெளியான கிங் ஜேம்ஸ் ஆங்கில பைபிளில், வழியோரத்து விதையைப் பறவைகள் தின்றதற்கும், ஊதாரி மகன் தகப்பன் சொத்தைத் தீர்த்ததற்கும், பிசாசு கெர்ச்சிக்கிற சிங்கம்போல் இரை தேடி அலைவதற்கும் ‘டிவவர்’ ஒன்றே வருகிறது. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்போ பறவைகளைப் பட்சிக்க வைத்து, மகனை ஆஸ்தியை அழிக்க வைத்து, பிசாசை மட்டும் ‘எவனை விழுங்கலாமோ’ என்று அலைய விட்டது. கிரேக்க மூலத்தில் இவ்விடங்களில் இரண்டு வினைகள்; ஆங்கிலத்தில் ஒன்று; தமிழில் மூன்று. பேச்சுவழக்கில் ‘மொக்குவது’ மிக நெருங்கி வரும். ஆனால் அதையும் பெரியவர்களைப் பற்றி எழுத முடியாது என்பதால் ஆசிரியையின் பேனா அங்கேயும் பாய்ந்திருக்கும்.

கேள்வி: ஒரு நாவலை ஒரே இரவில் படித்து முடித்தேன். அதற்கும் இந்தச் சொல் பொருந்துமா?
– வாசகர், அடையாறு

பதில்: தாராளமாகப் பொருந்தும். நெருப்பு காட்டைத் தின்பதற்கும், ஒருவரைக் குற்ற உணர்வு உள்ளுக்குள் அரிப்பதற்கும்கூட இச்சொல் வரும். புத்தகத்தைப் பொறுத்தவரை அது பாராட்டுதான். தமிழில் எழுதும்போது மட்டும் ‘கபளீகரம் செய்தேன்’ என்று பெயர்த்துவிடாதீர்கள். கவளம் என்ற சொல்லோடு உறவுடைய அது சோற்றை விட்டுவிட்டு, ஏரிப் புறம்போக்கை வளைத்துப்போடுகிறவர்களின் செய்திக்கு நிரந்தரமாகக் குடிபோய்விட்டது. நாவலை உங்களுக்கு இரவல் கொடுத்தவர், புத்தகம் இனித் திரும்பி வராது என்று முடிவு கட்டிவிடுவார்.