பள்ளி ஆண்டு முடியப்போகும் நேரத்தில் பிள்ளை சோர்ந்துவிட்டால் என்ன செய்வது?

மகன் பத்தாம் வகுப்பு, அரையாண்டுத் தேர்வு வரை ஒழுங்காகப் படித்தவன், இப்போது புத்தகத்தைத் தொட மாட்டேன் என்கிறான், திட்டியும் பார்த்தாயிற்று, கெஞ்சியும் பார்த்தாயிற்று என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மொரீஷியசில் ஒரு காலேஜில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள். (இங்கே காலேஜ் என்றால் உயர்நிலைப் பள்ளிதான்.) எங்கள் நாட்காட்டி வேறு. ஜனவரியில் பள்ளி திறந்து நவம்பரில் முடியும். கிரேட் 11 பிள்ளைகளுக்கு எஸ்.சி. (ஸ்கூல் சர்டிஃபிகேட்), கிரேட் 13 பிள்ளைகளுக்கு எச்.எஸ்.சி. (ஹையர் ஸ்கூல் சர்டிஃபிகேட்) எழுத்துத் தேர்வுகள் பெரும்பாலும் அக்டோபர், நவம்பரில் நடக்கும். உங்களுக்கு ஜனவரியில் வருகிற தலைவலி எங்களுக்கு ஆகஸ்ட் கடைசியில் வந்துவிடும்.

மூன்றாம் பருவம் சின்னதுதான். ஆனால் அதில்தான் வகுப்பு காலியாகும். மாதிரித் தேர்வு முடிந்ததும் பிள்ளைகள் ஒவ்வொருவராக வராமல் போவார்கள். இனிமேல் பள்ளியில் என்ன இருக்கிறது, லெசோன் போதும் என்று வீட்டிலும் நினைப்பார்கள். டியூஷனுக்கு இங்கே லெசோன் என்று பெயர். 2005 முதல் மாணவர்களுக்குப் பஸ் இலவசம், இருந்தும் செப்டம்பரில் என் வகுப்பில் பாதி நாற்காலி சும்மா கிடக்கும்.

சில வருஷங்களுக்கு முன் கிரேட் 11 பையன் ஒருவன் அப்படித்தான் காணாமல் போனான். வீட்டுக்கு போன் செய்தேன். வாரத்தில் ஐந்து நாள் லெசோன், இரவு ஏழு மணிக்குத்தான் திரும்புகிறான் என்றார் அவன் அம்மா. மறுநாள் வரச் சொன்னேன். வந்தான். அவனுக்காக உட்கார்ந்து நவம்பர் வரைக்கும் ஒரு கால அட்டவணை போட்டு வைத்திருந்தேன், பாடத்துக்கு ஒரு நிறம். எனக்கே பெருமையாக இருந்தது. அவன் அதை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "மோ பா கபாவ், மிஸ்" என்றான். இங்குள்ள பேச்சு மொழியான கிரியோலில் என்னால் முடியாது என்று அர்த்தம். அவன் சொன்னது சரி. அந்தக் காகிதத்தைப் பார்த்தால் எனக்கே முடியாது போலத்தான் இருந்தது.

அந்த வருஷம் தைப்பூசத்துக்கு அவன் காவடி எடுத்தவன். இங்கே தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை உண்டு. கோயிலில் கொடி ஏறிய நாளிலிருந்து பத்து நாள் கரேம், அதாவது விரதம். கவிச்சி கிடையாது, வீட்டில் அதற்கென்று தனிச் சட்டிகூட வைப்பார்கள். பள்ளி திறந்த கையோடு வருகிற பண்டிகை, அதனால் பிள்ளைகள் விரதத்தோடேதான் வகுப்புக்கு வருவார்கள். பக்கத்து பெஞ்சில் ஒருவன் கோழி போட்ட மின் ஃப்ரி, அதாவது வறுத்த நூடுல்ஸ், சாப்பிடுவான், இவன் திரும்பிப் பார்க்க மாட்டான். கடைசி நாள் அலகு குத்திக்கொண்டு, வெயிலில் வெறுங்காலோடு நடந்து, கோர் தெ கார்ட் மலைக் கோயில் படியெல்லாம் ஏறினான்.

"அது முடிந்தது, இது மட்டும் ஏன்டா முடியாது?" என்று கேட்டேன். கேலியாகத்தான் கேட்டேன், பதில் எதிர்பார்க்கவில்லை.

"அது வேற, மிஸ். அதுல நாளைக்கு என்ன பண்றதுன்னு யோசிக்கவே வேணாம். பத்து நாள், அப்புறம் முடிஞ்சிடும். வீட்ல எல்லாரும் சேர்ந்து இருப்பாங்க." (பேசியது கிரியோலில். தமிழில் எழுதுவது நான்.)

அட்டவணையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அவன் சொன்ன மூன்றையும் அப்படியே எடுத்துக்கொண்டோம். நவம்பரைப் பற்றிப் பேசக்கூடாது, பத்து நாள் மட்டும். அந்தப் பத்து நாளும் என்ன செய்வது என்று முதல் நாளே எழுதி முடித்துவிட வேண்டும், தினமும் காலையில் எழுந்து "இன்று எதைப் படிக்கலாம்" என்ற பேச்சே இருக்கக்கூடாது. சோர்ந்த பிள்ளைக்குப் படிப்பதைவிடக் கஷ்டம் எதைப் படிப்பது என்று முடிவு செய்வதுதான். மேசையில் எட்டுப் பாடமும் குவிந்திருக்க, எதைத் தொட்டாலும் மற்ற ஏழும் முறைக்கும். அப்புறம் போனை எடுக்காமல் என்ன செய்வான்?

தினமும் ஒரே வேலை. பழைய கேள்வித்தாளிலிருந்து ஒரு கேள்வி, கடிகாரம் வைத்து எழுதி, காலையில் என்னிடமோ அந்தப் பாட ஆசிரியரிடமோ நீட்ட வேண்டும். அதற்காகவாவது பள்ளிக்கு வந்தே தீர வேண்டும் என்பது என் சூழ்ச்சி. அரைகுறையாகத் தெரிந்த பாடத்தில்தான் தொடங்கினோம். நன்றாகத் தெரிந்ததில் நேரம் வீண், சுத்தமாகத் தெரியாததில் முதல் நாளே மனம் விட்டுப் போகும். தமிழில் அவனுக்கு மார்க் போவது ல, ள, ழ குழப்பத்தில். வீட்டில் கிரியோல் பேசுகிற பிள்ளைக்கு ழ எங்கிருந்து வரும்? இரவில் பத்துச் சொல், அவ்வளவுதான். வீட்டில் எல்லாரும் சேர்ந்து என்றானே, அதற்கு அவன் அம்மா தானும் ஏழு மணிக்கு மேல் போனைத் தொடுவதில்லை என்று ஒத்துக்கொண்டார். முதல் மூன்று நாள் அவருக்குத்தான் ரொம்பக் கஷ்டமாக இருந்ததாம்.

விரதத்திலிருந்து ஒன்றை மட்டும் மாற்றினேன். அங்கே முறிந்தால் முறிந்ததுதான். இங்கே ஒரு நாள் தவறினால் தவறியது போகட்டும், அதை மறுநாள் தலையில் சுமத்தக் கூடாது. ஐந்தாம் நாள் போனால் ஆறாம் நாள் ஆறாம் நாளாகவே இருக்கும். பத்து முடிந்ததும் இரண்டு நாள் விடுமுறை, கடற்கரைக்கோ பந்து விளையாடவோ போகலாம். அப்படி மூன்று சுற்று செய்தான். இரண்டாவது சுற்று பாதியில் படுத்துவிட்டது, மறைக்க மாட்டேன்.

அவன் லோரெயா ஆகிற ரகம் இல்லை. எச்.எஸ்.சி.யில் முதலிடங்களில் வருகிறவர்களுக்கு அரசு உதவித்தொகை கொடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பும், அவர்களை லோரெயா என்போம். ஒவ்வொரு வருஷமும் அவர்களைத் தோளில் தூக்கிக் கொண்டாடும் படங்கள் பத்திரிகையில் வரும். நல்ல விஷயம்தான். ஆனால் அதைப் பார்த்தே தனக்கு இனி ஒன்றுமில்லை என்று செப்டம்பரிலேயே ஒதுங்கிவிடுகிற பிள்ளைகள் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். இவனுக்கு எஸ்.சி.யில் தமிழில் கிரெடிட் (நல்ல தேர்ச்சி) வந்தது, கணக்கில் வரவில்லை. கிரேட் 12க்குப் போனான்.

இந்த வழி எல்லாருக்கும் பலிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த வருஷமே ஒரு பெண்ணிடம் இதையே செய்யப் போய்த் தோற்றேன். அவள் ஒரு நாளும் தவறவில்லை, ஆனால் எழுதியதெல்லாம் தப்பும் தவறுமாக இருந்தது. மூன்று வாரம் கழித்துத்தான் கேட்கத் தோன்றியது: லெசோன் முடிந்து வந்து, வீட்டு வேலை செய்து, இரவு ஒன்றரைக்குப் படுத்து ஐந்துக்கு எழுகிறாளாம். சோம்பல், ஆர்வமின்மை என்று அவள் ரிப்போர்ட்டில் எழுதியிருந்தது நான்தான். இரண்டு லெசோனை நிறுத்தச் சொன்னேன். அவள் அப்பா என்மேல் கோபப்பட்டார், ஆனால் நிறுத்தினார். வேறொன்றும் செய்யவில்லை, அவள் தானாகத் தெளிந்தாள்.

உங்கள் வீட்டில் யாராவது சபரிமலைக்கு மாலை போடுகிறவர்கள் இருந்தால் நாள் கணக்கு வைத்து விரதம் இருப்பதை மகனுக்கு விளக்கவே வேண்டாம், பார்த்தே வளர்ந்திருப்பான். "எத்தனை மார்க் வரும்?" என்று மட்டும் கேட்காதீர்கள், "இன்று எழுதியதைக் காட்டு" என்று கேளுங்கள். புரியாவிட்டாலும் பரவாயில்லை, வாங்கிப் பாருங்கள்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒன்று. அவன் எத்தனை மணிக்குத் தூங்குகிறான் என்று உங்கள் கேள்வியில் இல்லை. இன்று இரவு அதைக் கவனித்துவிட்டு வந்து எழுதுங்கள்.