மேமியோவுக்குச் சைக்கிளில்

கேள்வி: பர்மாவில் மாண்டலேயிலிருந்து மலைமேல் இருக்கும் மேமியோவுக்கு (இப்போதைய பெயர் பியின் ஊ ல்வின்) நானும் என் தம்பியும் சைக்கிளில் போக ஆசைப்படுகிறோம். ஒரே நாளில் ஏற முடியுமா அண்ணே?

பதில்: முடியும் தம்பி. தூரம் 67 கிலோமீட்டர்தான். ஆனால் மாண்டலே கடல்மட்டத்திலிருந்து 100 மீட்டர் உயரம்கூட இல்லை, மேமியோவோ 1,000 மீட்டரைத் தாண்டும். நான் இருட்டோடு கிளம்பியும் 21ஆவது மைலில் வெயில் பிடித்துக்கொண்டது. அங்கே நின்று தேநீர் குடியுங்கள். கீழே சமவெளி முழுக்கத் தெரியும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். லாஷியோ, மூசே ஊர்களுக்குப் போகும் லாரிகளும் இதே சாலைதான், வளைவுகளில் ஓரமாகவே போங்கள்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் எனக்குப் பயம். பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்ததில் ரப்பர் கருகும் வாசம்! பாதி வழியில் இறங்கி, ரிம்மைத் தொட்டுப் பார்த்து விரலைச் சுட்டுக்கொண்டேன். விட்டு விட்டுப் பிடியுங்கள், இரண்டு பிரேக்கையும். மாற்று பிரேக் கட்டை ஒரு ஜோடி பையில் இருக்கட்டும்.

அப்புறம், லுங்கி வேண்டாம். என்னுடையது செயினில் சிக்கி முழங்கால் வரை கிழிந்தது; மீதி வழியைச் சட்டையை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓட்டினேன். ஸ்வெட்டரைச் சுமக்காதீர்கள், மேமியோ சந்தையிலேயே வாங்கிக்கொள்ளலாம். ராத்திரி கட்டாயம் தேவைப்படும்.