சரத் கமலைப் பற்றிக் கேட்டீர்கள்

இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்தியாவுக்காக டேபிள் டென்னிஸ் ஆடிய அசந்தா சரத் கமல் 2025 மார்ச்சில், சென்னையில் நடந்த சர்வதேசப் போட்டியோடு ஓய்வு பெற்றார். அவரைப் பற்றி வந்த கேள்விகளில் சில:

தெலுங்குப் பெயராக இருக்கிறதே, சென்னைக்காரர் என்கிறார்களே?

இரண்டும் சரி. பிறந்தது ஆந்திராவின் ராஜமுந்திரியில், 1982இல். வளர்ந்தது, ஆட்டம் பயின்றது சென்னையில். அப்பாவும் அப்பாவின் சகோதரரும் பயிற்சியாளர்கள். வேறு விளையாட்டுக்கு அந்த வீட்டில் வழியே இருந்திருக்காது.

40 வயதில் காமன்வெல்த் தங்கம் வென்றார். சீனர்கள் இல்லாத போட்டிதானே?

ஆமாம், சீனா, ஜப்பான், ஜெர்மனி எதுவும் அங்கே இல்லை. அதற்காக பர்மிங்காமில் தங்கம் சும்மா கிடைத்துவிடவில்லை. 2022 ஒற்றையர் இறுதிப் போட்டியில் எதிரே நின்றவர் இங்கிலாந்தின் லியாம் பிட்ச்ஃபோர்ட்; சொந்த மண்ணில் ஆடியவர். அதே போட்டியின் இரட்டையர் இறுதியில் சரத்–சத்தியன் ஜோடியை வீழ்த்தியதிலும் அவருக்குப் பங்கு உண்டு. ஒற்றையரின் முதல் கேமை சரத் 11-13 என்று இழந்தார். அடுத்தவை 11-7, 11-2, 11-6, 11-8. அந்த 11-2ஐ மட்டும் பாருங்கள். அங்கேயே பிட்ச்ஃபோர்டின் திட்டம் குலைந்துவிட்டது.

முதல் ஒற்றையர் தங்கம் 2006இல், மெல்போர்னில். 16 ஆண்டுகள் கழித்து மறுபடியும் எப்படி?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. உடற்பயிற்சி, கட்டுப்பாடு என்றெல்லாம் எல்லாரும் சொல்வார்கள், பொய்யும் இல்லை. ஆனால் அவர் ஆடிய காலத்தில் ஆட்டமே பலமுறை மாறியது. 2001இல் 21 புள்ளி கேம் 11 ஆனது; பின்தங்கினால் எழுந்து வர அவகாசம் குறைந்தது. 2002இல் சர்வீஸ் போடும்போது பந்தைக் கையால் மறைப்பது தடையானது. 2008இல் வேகம் கூட்டும் பசைக்குத் தடை வந்தது. ஆட்டத்துக்கு முன் மட்டையின் ரப்பருக்கு அடியில் அதைத் தடவி, பந்து சீறிப் பாய அடித்துக்கொண்டிருந்தவர்கள் திணறினார்கள். 2014இல் செல்லுலாய்டு பந்து போய் பிளாஸ்டிக் பந்து வந்தது. சுழற்சி குறைந்தது, ஒரே அடியில் புள்ளி முடிவது அரிதானது.

சரத்தின் அடையாளம் ஃபோர்ஹேண்ட் டாப்ஸ்பின், அதாவது பந்து முன்னோக்கிச் சுழன்று பாய அடிக்கும் அடி. அதை மட்டும் நம்பியிருந்தால் புதிய பந்தோடு அவர் கதை முடிந்திருக்கும். பேக்ஹேண்டில் பந்தைத் திருப்பிக்கொண்டே இருந்து, வாய்ப்பு அமையும்வரை பொறுப்பதை முப்பது வயதுக்குமேல் பழக்கிக்கொண்டார். என்னைக் கேட்டால் பதக்கங்களைவிட இதுதான் பெரிய சாதனை.

தேசியப் பட்டங்கள் எத்தனை?

பத்து. அதற்குமுன் எட்டோடு முதலிடத்தில் இருந்தவர் கமலேஷ் மேத்தா.

ஐந்து ஒலிம்பிக், ஒரு பதக்கம்கூட இல்லை. இவ்வளவு கொண்டாட வேண்டுமா?

கொண்டாடலாம். டோக்கியோவில் மூன்றாம் சுற்றில் அவருக்கு வாய்த்தவர் சீனாவின் நடப்பு ஒலிம்பிக் சாம்பியன் மா லாங். முதல் கேம் மா லாங்குக்கு, இரண்டாவது 11-8 என்று சரத்துக்கு. மூன்றாவதில் 11-11 வரை இழுத்து 11-13 என்று விட்டார். பிறகு இரண்டு கேமிலும் 4-11. ஒரு இந்தியர் மா லாங்கை அந்த அளவுக்கு யோசிக்க வைத்ததை நான் பார்த்ததில்லை. பாரிஸில் முதல் சுற்றிலேயே, தரவரிசையில் தனக்குப் பின்னால் இருந்த ஸ்லோவேனிய வீரரிடம் தோற்றது மட்டும் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

பதக்கம்தான் வேண்டுமென்றால் 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டைப் பாருங்கள். ஆடவர் அணிக்கு வெண்கலம், மணிகா பத்ராவோடு கலப்பு இரட்டையரில் இன்னொன்று. அதற்குமுன் ஆசிய விளையாட்டு டேபிள் டென்னிஸில் இந்தியாவுக்கு எதுவுமே கிடைத்ததில்லை.

ஐரோப்பிய லீக்குகளில் ஏன் ஆடினார்? பணத்துக்கா?

பணமும் உண்டு. ஆனால் ஜெர்மனி லீக்கில் வாராவாரம் வலுவான எதிராளி கிடைப்பார். ஒரே ஊரில் ஒரே கூட்டாளிகளோடு பயிற்சி செய்தால் அவர்களின் சர்வீஸ் மட்டும்தான் பழகும்.

என் மகனுக்கு ஒன்பது வயது. சரத்தைப் பார்த்து எல்லாப் பந்தையும் ஓங்கி அடிக்கிறான். என்ன செய்ய?

அடிப்பதை நிறுத்தச் சொல்லாதீர்கள், பயம் வந்துவிடும். சரத்தின் ஆட்டங்களைக் காட்டி, அடிக்கு முந்தைய பந்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். வலைக்கு அருகே தாழ்வாக ஒரு சர்வீஸ். எதிராளியால் ஓங்கி அடிக்க முடியாது, தள்ளித்தான் விட வேண்டும். அந்தப் பந்தைத்தான் சரத் பாய்ந்து அடிக்கிறார். குட்டையான சர்வீஸைத் தினமும் ஒரு கூடை நிறையப் பந்துகளை வைத்துப் போட்டுப் பழகட்டும். அதற்கு எதிராளிகூட வேண்டாம்.