அரைப்பேர் தெரிந்த பிள்ளைக்கு

கேள்வி: உயர்தரத்தில் பொருளியல் படிக்கிறேன். பேராசிரியராக வேண்டும், அதுவும் பொருளியலளவையியலில் (தரவுகளை வைத்துப் பொருளியலை அளக்கும் துறை) என்று ஆசை. "கொழுந்து எடுக்கிறவ மகளுக்கு அந்தக் கணக்கெல்லாம் ஏறுமா?" என்கிறார்கள். ஏறுமா மிஸ்?
– வாசகி, பொகவந்தலாவை

பதில்: நானும் தலவாக்கலைப் பக்கத்து லயத்துப் பிள்ளைதான், மகள். ஏறும். தாயமும் (matrix) நுண்கணிதமும் முதல் வருடம் என்னையும் அழவைத்தன, பிறகு பழகிவிட்டது.

பழகாத அடி கலாநிதிப் பட்ட ஆய்வில் விழுந்தது. ஒரு தோட்டத்துச் செக்ரோலில் (வேலை, சம்பளப் பதிவேடு) இருந்து பெண்கள் எடுத்த கொழுந்தை நாள்வாரியாகப் பதிந்து, வயது, மலை, மழை எல்லாம் சேர்த்துப் பிற்செலவு (regression, எது எதை எவ்வளவு மாற்றுகிறது என்று பார்க்கும் கணக்கு) ஓட்டினேன். வரைபில் 18 கிலோவில் ஒரு குன்று! 16, 17இல் ஆளே இல்லை. கணக்கப்பிள்ளை பொய் எழுதியிருக்கிறார் என்று இரண்டு மாதம் மண்டையை உடைத்தேன். லீவில் வந்து அம்மாவிடம் சொன்னால் சிரிக்கிறார்.

"பதினெட்டு வராட்டி அரைப்பேருதானே போடுவாங்க. எனக்குக் கூடுனா பக்கத்து நெரைக்காரி சாக்குல ரெண்டு கிலோ தள்ளிவுடுவேன். நாளைக்கு எனக்கு அவ போடுவா."

மேலதிகக் கிலோவுக்குக் கிடைப்பது சில்லறை. அரைப்பேர், அதாவது அரைநாள் வேலை என்ற பதிவு, விழுந்தால் பாதிச் சம்பளம் போச்சு. ஒருத்தியின் உழைப்பு என்று நான் அளந்தது இரண்டு பேருடைய ஒப்பந்தம். ஆய்வைத் திரும்ப எழுதினேன். (மேற்பார்வையாளருக்கு அரைப்பேரை விளங்கப்படுத்தவே ஒரு பின்னேரம் போனது.)

சம்பளத்தை இப்படி நேரில் விசாரித்து அளந்த பெரிய ஆட்களும் உண்டு. பொருளியலாளர்கள் டேவிட் கார்ட்டும் அலன் க்ரூகரும் 1992இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் குறைந்தபட்சச் சம்பளம் உயர்ந்தபோது, உயராத பென்சில்வேனியாவோடு ஒப்பிட்டார்கள். துரித உணவுக்கடைகளுக்குத் தொலைபேசி எடுத்து ஆட்களை எண்ணினார்கள்; சம்பளம் கூடியதால் வேலை குறைந்ததாகத் தெரியவில்லை. 2021இல் கார்ட்டுக்கு நோபல் பரிசு. நமக்கு நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனதும் அந்த வருடம்தான்.

பாதை நீளம். சிறப்புப் பட்டத்தில் நல்ல வகுப்பு, தற்காலிக விரிவுரையாளர், தகுதிகாண் விரிவுரையாளர், முதுமாணி, கலாநிதி, சிரேஷ்ட விரிவுரையாளர், அதன்பிறகே பேராசிரியர். எனக்கு 19 வருடம் பிடித்தது. பாடசாலையில் வணிகப் புள்ளிவிபரவியல் இருந்தால் விடாதீர்கள். புள்ளிவிபரக் கணக்குக்கான 'ஆர்' (R) மென்பொருள் இலவசம், பழைய லெப்டொப்பிலும் ஓடும்.

இன்றைக்கு அம்மா வந்ததும், ஈரத்துக்கும் சாக்குக்கும் எத்தனை கிலோ கழித்தார்கள் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். தினமும். திகதி போட மறக்க வேண்டாம்.