குழாய் சொல்லாதது

வணக்கம் ஐயா,
தங்கைக்குப் பந்தலூரில் கல்யாணம் பேசியிருக்கிறோம். முகாமில் சிக்கிள் செல் சோதனை செய்ததில் அவளுக்கு 'பாசிட்டிவ்', மாப்பிள்ளைக்கு 'நெகட்டிவ்'. அவர்கள் வீட்டில் தயங்குகிறார்கள். மரபணுப் பிழையையே திருத்தும் சிகிச்சை வந்துவிட்டதாமே, நம் மலைக்கு எப்போது வரும்?
– கூடலூர் வாசகர்

அன்புள்ள தம்பி,

சிவப்பணு அரிவாள்போல வளைந்துவிடும் பரம்பரை ரத்தநோய்தான் சிக்கிள் செல். இந்தியாவில் அது முதலில் கண்டறியப்பட்டதே 1952-ல், நம் நீலகிரிப் பழங்குடிகளிடம்தான். இன்றும் முகாம் சீட்டிலுள்ள ஒற்றைச் சொல்லுக்காக ஒரு பெண்ணின் கல்யாணத்தைத் தள்ளிப்போடுகிறார்கள். மாப்பிள்ளைக்குப் 'பாசிட்டிவ்' வந்திருந்தால் இத்தனை தயங்குவார்களா?

நீங்கள் கேட்கும் மரபணுச் சிகிச்சையின் பெயர் கேஸ்ஜெவி. அது 2023 கடைசியில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர். அது பிழையைத் திருத்துவதில்லை, பி.சி.எல்.11ஏ மரபணுவின் ஒரு சுவிட்சை வெட்டி, கருவில் இருக்கும்போது சுரந்த ஹீமோகுளோபினை மறுபடி சுரக்க வைக்கிறது. தங்கைக்கு நோய் உண்டா என்பதே தெரியாதபோது அந்தப் பேச்சு எதற்கு?

முகாமில் செய்தது என்ன? 2 மில்லி கரைசலில் 20 மைக்ரோலிட்டர் ரத்தம். சப்போனின் சிவப்பணுவை உடைக்கும், டைதயோனைட் ஆக்சிஜனைப் பறிக்கும். ஆக்சிஜன் இழந்த 'எஸ்' ஹீமோகுளோபின், அதாவது இந்த நோயின் பிழையான வகை, கரையாது, கலங்கும். 5 நிமிடம் கழித்து, பின்னால் பிடித்த அட்டையின் கோடுகள் தெரியாவிட்டால் பாசிட்டிவ். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பிழையைப் பெற்ற கேரியருக்கும் கலங்கும், நோயாளிக்கும் கலங்கும். யார் எவர் என்று குழாய் சொல்லாது.

நீங்கள் நிம்மதியாக எழுதியிருக்கும் அந்த 'நெகட்டிவ்'தான் எனக்கு உறுத்துகிறது. டைதயோனைட் ஈரத்தில் வீரியம் இழக்கும். ஆடி மழையில் டப்பா மூடி சரியாக இல்லையென்றால் கலங்க வேண்டியதும் கலங்காது. கேரியர் என்று ஏற்கெனவே உறுதியான ஒரு ரத்தத்தையும் கூடவே போட்டுப் பார்த்தார்களா? கேளுங்கள். கடும் ரத்தசோகையிலும் தப்பான நெகட்டிவ் வரும். எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் ஹீமோகுளோபின் போதுமான அளவு உருவாகாத பீட்டா தலசீமியா என்ற இன்னொரு பரம்பரைக் கோளாறின் கேரியரை இந்தச் சோதனை காட்டவே காட்டாது. அவள் சிக்கிள் கேரியர், அவர் தலசீமியா கேரியர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு, பிள்ளைக்கு சிக்கிள்-பீட்டா தலசீமியா என்ற நோய் வர வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டால் அடுத்த மூன்றும் தப்பும் என்ற கணக்கெல்லாம் வேண்டாம்.

ஆகவே இருவருக்கும், ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. சோதனை எடுங்கள். ஊதா மூடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் போதும். தங்கைக்கு இயல்பான ஹீமோகுளோபினான 'ஏ' கூடுதல், 'எஸ்' 40 சதவீதத்துக்குள் என்றால் கேரியர் மட்டுமே, நோயாளி அல்ல. சமீபத்தில் ரத்தம் ஏற்றாமலே 'ஏ' அறவே இல்லையென்றால் நோய். மாப்பிள்ளைக்கு 'ஏ2' என்ற ஹீமோகுளோபின் வகை 3.5 சதவீதத்துக்கு மேல் போனால் தலசீமியா கேரியராக இருக்கலாம். இரும்புச்சத்துக் குறைவு அதைத் தாழ்த்திக் காட்டும், அதனால் சிவப்பணுவின் பருமனையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு ரிப்போர்ட்டையும் ஒரே மருத்துவரிடம், ஒன்றாகவே காட்டுங்கள்.